கீழ்வீட்டுக்காரரின் தட்டு

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் தனியாக இருந்த ஜேர்மன்காரர் நெடிய மனிதர். கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். ஓர் இலையுதிர்கால மாலையில் என் மனைவி அயலவர்களுக்குச் சிறு விருந்து வைத்தாள். பூசணி சூப், ரின்னில் அடைத்த மீனில் செய்த கட்லட், குச்சியில் குத்திய சீஸும் திராட்சையும். எல்லாம் சுலபமான வேலை என்றாள். உருளைக்கிழங்கு உரித்தவன் நான்.

கீழ்வீட்டுக்காரர் தட்டில் ஒரு துகளையும் விடவில்லை. பாண் துண்டால் துடைத்துப் பளபளக்க வைத்தார்.

"இஞ்சேருங்கோ, மனுசன்ர தட்டு வெறுமையாக் கிடக்கு. எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று மனைவி இன்னும் இரண்டு கட்லட் வைத்தாள். அவற்றையும் முடித்தார். மறுபடி வைத்தாள்.

மிச்சம் வைப்பது அவருக்கு மரியாதைக்குறைவு. விருந்தாளியின் தட்டு காலியானால் எங்களுக்கு மானக்கேடு. இரு பக்கத்து விதிகளும் அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். மற்றவர்கள் விடைபெற்றுப் போனபின்னும் அவர் வியர்த்தபடி மென்றுகொண்டிருந்தார். அருகில் போய் ஜேர்மன் மொழியில் மெல்லச் சொன்னேன்: "ஒன்றை மிச்சம் விடுங்கள். அவள் நிறுத்திவிடுவாள்."

"அது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது," என்றார். "ஆனால் உங்கள் மனைவி நிறுத்தினால் நான் வீட்டுக்குப் போக வேண்டுமே."

அடுத்த கட்லட்டை எடுத்தார்.

குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் பொரிக்கட்டோ?"

"ஓம், பொரியும். அவசரமில்லை, ஆறுதலாப் பொரியும்," என்றேன்.