முதல் பழம் அவருக்கு

ஆவணி பிறந்ததும் கள்ளக்குறிச்சி உழவர் சந்தைக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா சீத்தாப்பழக் கூடையோடு வருவார். நாற்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் அரைக்கைச் சட்டை. கூடையை இறக்கியதும் வியாபாரத்தைத் தொடங்க மாட்டார். இருப்பதிலேயே நல்ல பழமாக ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டாகப் பிட்டு, நிதானமாகச் சாப்பிடுவார். கொட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பிக்கொள்வார். நாங்கள் பையோடு காத்து நிற்போம்.

ஒரு நாள் அவர் எடுத்த பழம் கைக்கு அடங்காத அளவு. தோலில் கண்ணெல்லாம் விரிந்து வெளுத்திருந்தது. எனக்கு வாய் ஊறியது.

“அதை எனக்குக் குடுங்கம்மா. விக்கத்தானே கொண்டாந்தீங்க?”

“கூடை நெறைய இருக்குதுங்களே, அதுல எடுத்துக்குங்க. இது எனக்கு.”

“நீங்க அடிபட்டதா ஒண்ணு சாப்பிடலாமே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

“பறிச்சு சொமந்துகினு வந்தது நானு. அடிபட்டத நான் இன்னாத்துக்குங்க துன்னணும்?”

எங்கள் வீட்டில் அழுகப்போகிற பழத்தைத்தான் முதலில் தின்போம். நல்லதை நாளைக்கென்று வைப்போம். நாளைக்கு அதுவும் அழுகத் தொடங்கியிருக்கும். இப்படியே எனக்கு ஐம்பது வயது ஓடிவிட்டது.

அன்று பஸ் ஸ்டாண்டில் பையைத் துழாவி, வாங்கிய ஆறு பழத்தில் நல்லதாக ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றேன். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார். வாய் நிறையக் கொட்டை. எங்கள் ஊர் வடக்கனந்தல் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.