அப்பாவுக்கு வெள்ளையடிக்க: ஆவடி வழியாகப் பூந்தமல்லி

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பட்டாளத்துக் கல்லறைக்கு எப்படிப் போவது என்று போன வாரம் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தவராம். வழி சொல்வது சுலபம். ஆனால் நான் முதன்முதலில் அங்கே போனபோது ஒரு பெரிய மடத்தனம் செய்தேன். அதையும் சேர்த்து எழுதினால்தான் அவருக்குப் பயன்படும். நான் போனது 1994 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று.

என் அப்பா ஹவில்தார் ஆரோக்கியசாமி. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். அதில் கடைசி ஆறு வருடம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார், குவார்ட்டர்ஸில் இருந்தோம். 1986இல் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் அடக்கத்தின்போது பெண்கள் கல்லறைவரை போகும் வழக்கம் இல்லை. அம்மாவும் நானும் வாசலோடு நின்றுவிட்டோம், அண்ணன் மட்டும் போனான். சில மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திண்டுக்கல் வந்தோம். அண்ணன் மஸ்கட்டுக்குப் போனான். அதற்குப்பின் எட்டு வருடம் எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பணம், லீவு, மழை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது.

ஒவ்வொரு நவம்பரிலும் திண்டுக்கல்லில் சொந்தக்காரர்களின் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மா ஒன்றையே சொல்வார்: "ஒங்கப்பா மட்டும் அங்க கேக்க நாதியில்லாம கெடக்காரு." அந்த வருடம் அம்மாவுக்கு முழங்கால் சுத்தமாக மடங்கவில்லை. "இனி நான் போகப் போறதில்ல. நீயாவது வெள்ளையடிச்சுட்டு வாடி. எப்படிக் கெடக்குன்னு பாத்துட்டு வந்து மறைக்காமச் சொல்லு" என்றார். எனக்கு அந்த மறைக்காமல் என்ற வார்த்தைதான் பயமாக இருந்தது.

ராத்திரி ரயிலில் ஏறி, காலை ஆறே முக்காலுக்கு எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து சென்ட்ரல், பிறகு ஆவடிக்கு மின்சார ரயில். இருபத்தோரு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம், டிக்கெட் நான்கு ரூபாய். எதிர்த்திசையில் போன ரயில்களில் மனிதர்கள் கதவில் தொங்கினார்கள், எங்கள் பெட்டியில் காலை நீட்டி உட்காரலாம். ஆவடி மார்க்கெட்டில் இரண்டு கிலோ சுண்ணாம்புப் பொடி, ஒரு மட்டைப் பிரஷ், பிளாஸ்டிக் வாளி, செவ்வந்திச் சரம் மூன்று முழம், மெழுகுவத்தி ஒரு பாக்கெட் வாங்கினேன். சுண்ணாம்பில் சிட்டிகை நீலம் கலந்தால்தான் பளிச்சென்று இருக்கும் என்று அம்மா திண்டுக்கல்லிலேயே நீலப் பொட்டலம் மடித்துக் கொடுத்திருந்தார். ஆவடியில் நீலம் கிடைக்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் ஒன்பதே காலுக்கு. பத்து கிலோமீட்டர்தான், ஆனால் முந்தின நாள் மழையில் ரோடு குளமாகிக் கிடந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. வாளியைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, பெயின்ட் வேலையா?" என்றார். கல்லறைக்கு என்றேன். இறங்க வேண்டிய இடத்தில் அவரே விசில் கொடுத்து நிறுத்தினார். அங்கிருந்து பத்து நிமிட நடை.

முன்பக்கம் முழுக்க வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகள். நம்மவர்கள் பின்னால். இரண்டு மூன்று குடும்பங்கள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்த அடையாளம்: கிணற்றைத் தாண்டி, வேப்பமரத்துக்குக் கீழே. போய்ப் பார்த்தால் மரத்தடியில் இரண்டு கல்லறைகள். ஒன்று பாசி பிடித்துக் கறுத்து, ஓரம் உடைந்து, பெயர் இருந்த இடமே தேய்ந்து கிடந்தது. இன்னொன்று சுத்தமாக வெள்ளையடித்து, பெயர்ப்பலகை உட்பட எல்லாம் பூசி மெழுகியிருந்தது. சிலுவையின் நடுவில் சந்தனம், அதன்மேல் வைத்த குங்குமம் மழையில் கரைந்து வழிந்திருந்தது. காலடியில் ஒரு காய்ந்த சாமந்தி மாலை, நசுக்கிய எலுமிச்சம்பழம்.

எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை ஓடவில்லை. குங்குமம் வைத்த கல்லறை எப்படி எங்கள் வீட்டுக் கல்லறை ஆகும்? எட்டு வருடம் யாரும் எட்டிப்பார்க்காத கல்லறை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அந்தக் கறுப்புக் கல்லறை. அதன் முன்னால் மண்டியிட்டு ஒரு பாடு அழுதேன். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாசியைச் சுரண்டி, நீலம் கலந்து, இரண்டு கோட் அடித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, "மன்னிச்சுடுங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து, "அத்த ஏம்மா பூசிகினு கீற? அது ஆருதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதே" என்றார்.

"எங்கப்பாதும்மா. ஹவில்தார் ஆரோக்கியசாமி. ஆவடியில இருந்தாரு."

அவர் அரிவாளாலேயே அந்த வெள்ளைக் கல்லறையைக் காட்டினார். "ஆவடி அவில்தாரு இதோ கீறாரே. டெம்போகாரரு வருசா வருசம் ஆயுத பூஜைக்கு வந்து பூசிட்டுப் போவாரு. பலராமன்னு பேரு. பஸ் ஸ்டாண்டாண்ட போய்க் கேளு, ஆரும் சொல்வாங்க."

வாளியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர். வெளியே டெம்போ ஸ்டாண்டில் மூன்றாவது வண்டி அவருடையது. ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. நான் யார் மகள் என்று சொன்னதும் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உஸ்தாத் பொண்ணாம்மா நீ?" என்றார். சொல்லிக்கொடுப்பவரைப் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பெங்களூரில் பயிற்சியில் இருந்தபோது இவர் டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றிருக்கிறார். இன்னொரு முறை தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா தன் ஞாயிற்றுக்கிழமைகளை இவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். "டாஷ்போர்டு மேல ஒரு கிளாஸ் டீ வச்சுடுவாரும்மா. தளும்பாம கியர் மாத்தணும். சிந்திச்சுன்னா வண்டிய நிறுத்தி, எறங்கி ஓடச் சொல்வாரு. எட்டு ஞாயித்துக்கெழம. அப்பால பாஸாயிட்டேன். இன்னி வரைக்கும் ஒரு உரசல் கெடையாது. என் பொண்ணுங்க கல்யாணம், ஊடு, எல்லாம் இந்த ஸ்டேரிங்ல வந்துச்சு."

அதனால்தான் ஆயுத பூஜை. காலையில் வண்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு, நேராக உஸ்தாதிடம் வருகிறார். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் இவரும் ஒருவராம். இடம் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஏன் வீட்டுக்குக் கடிதம் எழுத நேரமில்லை என்று சொல்வார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. வீட்டில் எங்களிடம் அதிகம் பேசாத மனிதர். எனக்கு அவர்மேல் அந்த இடத்தில் வந்த பெருமையை இதுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

வண்டியிலேயே கல்லறைக்குக் கூட்டிப் போனார். கிளம்புமுன் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ வாங்கி டாஷ்போர்டில் வைத்தார். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் இரண்டு சொட்டுதான் சிந்தியது. "இந்த ரெண்டு சொட்டுக்கு ஓட வுட்டிருப்பாரு" என்று சிரித்தார். அங்கே போய் ஸ்க்ரூ டிரைவரால் பெயர்ப்பலகைச் சுண்ணாம்பைச் சுரண்டினோம். எட்டு வருடப் பூச்சு, செதில் செதிலாக வந்தது. உள்ளே அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது.

பலராமன் அண்ணன் தயங்கிக்கொண்டே, "உங்க வழில குங்குமம் வெக்கமாட்டீங்களாமே, இங்க ஒருத்தர் சொன்னாரு. தப்பாம்மா? வேணான்னா வுட்டுடறேன்" என்றார்.

"விட்டுடாதீங்கண்ணே" என்றேன்.

இனி வழி. இப்போது பூந்தமல்லிக்கு எல்லாப் பக்கமிருந்தும் பஸ் இருக்கிறது, ஆனால் மெட்ரோ வேலையால் நெரிசல். நான் இன்றும் ஆவடிவரை ரயிலில் வந்து பஸ் பிடிக்கிறேன். நவம்பர் என்பதால் குடை கட்டாயம். கிணற்றில் தண்ணீர் உண்டு, வாளியும் கயிறும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். காலை பத்து மணிக்குள் அடித்து முடித்தால் மழைக்கு முன் காய்ந்துவிடும். முக்கியமாக, நீங்கள் போகாத வருடங்களை மனதில் வைத்துக்கொண்டு கல்லறையைத் தேடாதீர்கள். புல் அறுக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.

திண்டுக்கல் திரும்பியதும் அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். குங்குமத்தைச் சொன்னபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "நீ வெள்ளையடிச்ச அந்தக் கறுத்த கல்லறை யாருது?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியலம்மா. பேரே இல்ல."

"பேரு இல்லாட்டி என்ன? ஒங்கப்பாவ எட்டு வருசமா ஒருத்தரு பாத்துக்கிட்டாரு. அவர நாம பாத்துக்குவோம்" என்றார் அம்மா.

அம்மா இப்போது இல்லை. பலராமன் அண்ணனுக்கு வயதாகிவிட்டது, வண்டி ஓட்டுவதில்லை, ஆயுத பூஜைக்கு மகள் கூட்டிவருகிறாள். அதனால் நவம்பரில் நான் போகும்போது அப்பா பளிச்சென்று இருப்பார். அவருக்குப் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு கரைக்கிறேன். சிட்டிகை நீலமும் உண்டு.