துணி மெஷினைத் திறந்தால் ஊர் தெரியும்

வாஷிங் மெஷின் ரிப்பேர் தொழிலில், வீட்டுக்காரர் மறைப்பதையெல்லாம் மெஷின் போட்டுக் கொடுத்துவிடும். நனைந்த துணியோடு மெஷின் நின்றுபோய், கை வலிக்கப் பிழிந்து காயப்போட்ட உங்களுக்கு என் பாடு நன்றாகவே புரியும்.

இந்தத் தொழிலுக்கு முன் பதினோரு வருஷம், மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரி லேத்தில் நின்றவன் நான். சொந்தத் தொழில் என்று வேலையை விட்டபோது, என் மனைவி சரோஜா ஆறு மாசம் கெடு கொடுத்தாள். அதற்குள் தொழில் நிற்கவில்லை என்றால் ஃபேக்டரிக்கே திரும்பிவிட வேண்டும். சூப்பர்வைசரும் "எப்ப வேணும்னாலும் வா" என்று சொல்லி வைத்திருந்தார். எனக்கோ போக இஷ்டமே இல்லை. கிள்ளான் வீட்டு கேட்டில் போர்டு மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

உப்புக் காற்று

போர்ட் கிள்ளானில் ஓர் ஆன்டி வீடு. மெஷின் பின்பக்கம் திறந்தவெளியில் இருந்தது. அடித்தகட்டைத் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் கடல் காற்று எந்த இரும்பையும் விட்டு வைக்காது.

"உள்ளே வச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் ஆன்டி" என்று சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். மெஷினுக்கென்று கட்டிய மூலையில், லோரி ஓட்டும் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் தூண்டில்கள் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஆன்டி சிரித்தார். "அதுங்க வெயில் தாங்காதாம் தம்பி. நானும் மெஷினும்தான் எல்லாம் தாங்குவோம்லா."

தைப்பூசம் முடிந்த வாரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் காவலாளியிடம் பேர் எழுதி, சாமான் லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே போவதற்குள் கிள்ளானில் ஒரு மெஷினையே முடித்துவிடலாம். அங்கே கணவன், மனைவி இருவருமே ஆபீஸ் போவார்கள். துணியைப் பிரித்துப் போட நேரமிருக்காது.

ஒரு வக்கீல் அம்மா கூப்பிட்டார். "மெஷின்ல ஏதோ பிரச்சினை, துணியெல்லாம் மஞ்சளா வருது." உள் அறையில் அவர் போனில் பேசிக்கொண்டிருக்க, நான் டிரம்மைத் திறந்தேன். கணவர் பால்குடம் எடுத்த புது மஞ்சள் வேட்டி, அந்த அம்மாவின் கோர்ட்டுச் சட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. கணவர் ஓடி வந்து என் காதருகே குனிந்தார். "பாஸ், ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட் போச்சுன்னு சொல்லக் கூடாதா?"

பித்தளைத் தூள்

ஐந்து மாசம் ஓடிவிட்டது. வாரத்துக்கு மூன்று, நான்கு அழைப்புதான் வந்தது. சரோஜா அடிக்கடி காலண்டரைப் பார்த்தாள்.

அப்போதுதான் தெலுக் பங்லிமா காராங்கில், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் தங்கும் வீட்டிலிருந்து அழைப்பு. பன்னிரண்டு பேர், மூன்று ஷிப்ட், ஒரே மெஷின். பம்ப்பைக் கழற்றினால் ஒரு கைப்பிடி பித்தளைத் தூள். எந்த ஃபேக்டரி என்று கேட்டேன். என் பழைய ஃபேக்டரிதான். அங்கே பித்தளை கடைவது ஒரே லேத்து. "கால்சட்டை மடிப்பை உதறிட்டுப் போடுங்க. அந்த லேத்துல பதினோரு வருஷம் நின்னவன் நான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

புதுக்கோட்டைக்காரர் முருகேசன் முகம் வாடிவிட்டது. இப்போது அதில் நிற்பவர் அவர். "அந்த அண்ணன் நீங்கதானா? நீங்க திரும்பி வந்தா எனக்கு இடமில்லைன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஊருல வீடு பாதி கட்டி நிக்குதுண்ணே." எனக்குச் சங்கடமாகிவிட்டது. கெடுவில் ஒரு மாசம்தான் பாக்கி என்பதை மறைக்கவும் மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டினார். "உங்க கார்டு எல்லாத்தையும் குடுங்கண்ணே, இனி இந்த ஏரியா மெஷினை வேற எவனும் தொடக் கூடாது."

கெடு முடிந்த நாள் சரோஜாவுக்கே ஞாபகமில்லாத அளவுக்கு இப்போது போன் அடிக்கிறது. நான் முன்னுக்கு வர என்னைவிட அதிகம் பாடுபட்டவர், என் பழைய லேத்தில் நிற்கிறவர்தான்.