நிழலுக்குக் கீறிய கோடுகள்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்முற்றம் முழுக்கச் சீமெந்து. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு காலத்தில் இறால் காயப்போடுவதற்காகப் போட்டதாம். இறால் போய்விட்டது, சூடு போகவில்லை. பத்து மணிக்கு மேல் அதில் வெறுங்காலை வைக்க ஏலாது. அந்த வெக்கை அப்படியே அறைக்குள் வந்து, என் நாலு வயது மகளின் முதுகெல்லாம் வேர்க்குருவாகப் பொரிந்தது. பாவம், சொறிந்து சொறிந்து அழுவாள். கணவருக்குக் கொழும்பில் வேலை. சண்டை ஓய்ந்து பாதை திறந்தால் வருவார், பூட்டினால் கடிதம்கூட வராது. ஆகவே யோசிப்பது, பயப்படுவது, ஏசுவது எல்லாம் நான் ஒருத்திதான்.

முற்றத்தின் ஓரங்களில் நிழலுக்கு நிற்கிற கன்றுகளைத் தகரங்களில் வைத்தால் வெக்கை தணியும் என்று என்னோடு படிப்பிக்கிற ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் நான் அதுவரை ஒரு கீரைப்பாத்திகூடப் போட்டதில்லை. தோட்டம் செய்கிற கொடிகாமத்தில் பிறந்த பெட்டைக்கு மண்வேலை தெரியாதோ என்று கேட்டுச் சிரித்தார்கள். தெரியாதுதான், என்ன செய்ய? பன்னத்துக்கு, அதுதான் பெரணிச் செடிக்கு, வெயிலே ஆகாது என்றார் ஒருவர், காலை வெயில் கட்டாயம் வேண்டும் என்றார் இன்னொருவர். குரோட்டன் எங்கே, பிகோனியா எங்கே என்று கொப்பியின் கடைசி ஒற்றையில் கீறுவதும் அழிப்பதுமாக இரண்டு கிழமை போனது. வைத்தது கருகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், வைப்பதற்கு முன்னமே. அழித்து அழித்து ஒற்றையே ஓட்டையாகிவிட்டது.

அந்த முற்றத்தால் இன்னொரு கரைச்சலும் இருந்தது. சீமெந்தை உடைத்துக் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்ட வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் நானும் மகளும் தெற்குப் பக்கத் தென்னோலைக் கிடுகு வேலியில் இருந்த இடைவெளியால், பொட்டு என்று சொல்வோம், குனிந்து நுழைந்து அடுத்த வளவுக்கு ஓடுவோம். அங்கே பங்கர் இருந்தது. அது ஒரு மீன்பிடிக் குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். கழுத்தில் செபமாலையோடு பங்கர் வாசலில் நின்று, முதலில் என் மகளை வாங்கி உள்ளே விட்டு, பிறகு என்னை விட்டு, கடைசியாகத்தான் தான் இறங்குவார். என் குசினி வாசலிலிருந்து அந்தப் பொட்டுக்குப் பதினான்கு காலடி. அந்தப் பொட்டு இருக்கும்வரை என் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு மூளை வேலை செய்தது. நிழலை ஏன் ஊகிக்க வேண்டும், அளந்தால் என்ன? பொங்கலுக்குச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு அரைவாளி மிச்சம் கிடந்தது. காலை எட்டு மணிக்கு வேலி நிழலும் மாமர நிழலும் எதுவரை விழுகிறதோ அதுவரை சீமெந்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 8 என்று எழுதினேன். பிறகு 10, 12, 2, 4. பின்னேரம் பார்த்தால் முற்றம் முழுக்க வெள்ளைக் கோடுகள். வேலிப் பொட்டடிதான் நாள் முழுக்க இருட்டு, பன்னத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது வழி. அதனால் அந்த இடத்தைக் கொப்பியில் வெறுமையாக விட்டேன். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் கோயிலால் வந்த அக்கா பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். முகம் வெளிறிப்போயிற்று.

“ரீச்சர், உதென்ன உந்தக் கோடும் இலக்கமும்? மேலையிருந்து பாக்கிறவன் என்னெண்டு நினைப்பான்? நாங்கள் வெள்ளைச் சீலைகூட வெளியில காயப்போடுறேல்லை.”

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூட. பயந்தால் அது இன்னும் கூடும்.

“அவன் என்ன, என்ரை குரோட்டனுக்கு இடம் பாக்கவோ வாறான்?” என்றேன்.

அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பொம்மர் வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு மேலே இரண்டு தரம் சுற்றிவிட்டுக் கடற்பக்கம் போய்க் குண்டு போட்டது. அக்காவின் புருசன் அந்த நேரம் கடலில். அவர் வந்து சேர்வதற்குள் அக்கா பட்ட பாட்டை நான் பங்கருக்குள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. உண்மையிலேயே என் இலக்கங்களை யாரோ மேலிருந்து வாசித்துவிட்டார்களோ?

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், பொட்டு இல்லை. புதுக் கிடுகு வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. அக்காவின் புருசன் காலையில் வந்து அடைத்தாராம், முன்வீட்டில் சொன்னார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் படலையால் இறங்கி, ஒழுங்கையால் சுற்றி, அவர்களுடைய படலைவரை எண்ணி நடந்தேன். நூற்று அறுபத்தெட்டுக் காலடி. ஓடினால் குறையுமோ என்று திரும்பி ஓடிப்பார்த்தேன். குறைந்தது, ஆனால் குண்டுக்கு முந்தக் காணாது. மகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

அன்றே தேங்காய்ப் பொச்சு நாரால் கோடுகளைத் தேய்க்கத் தொடங்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு சீமெந்தோடு ஊறிவிட்டது. கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். போய் வேலியடியில் நின்று, அக்கா, நான் பிழை விட்டிட்டன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு வழியை அடைக்கிறார்களே, இவர்களும் மனிசரோ என்ற கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

அந்தக் கோபத்தில்தான் என் தோட்டம் உருவானது. எண்ணெய்த் தகரம், உடைந்த குடம், பழைய வாளி என்று அகப்பட்டதிலெல்லாம் மண் நிரப்பி, கேட்ட இடமெல்லாம் கன்று வாங்கி நட்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கு மேலும் ஒன்றாக வைத்து மறைத்தேன். குரோட்டன் 8க்கு மேல், பிகோனியா 10க்கு மேல். கிணற்றடியில் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி கிடந்தது. அதன் அடியில் சாக்கைப் போட்டு இழுத்து இழுத்துக் கொண்டுவந்து, அடைத்த பொட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தினேன். நிறைய மண் போட்டுப் பன்னத்தை வைத்தேன். இனி நீங்கள் திறந்தாலும் நான் வரமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு, அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

பன்னம் தளிர்த்த கிழமை, விடுமுறை நாளொன்றில், சமைத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. மகளைத் தூக்க ஓடினேன். படலைப் பக்கம் போவதா, வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழ் போவதா என்று நான் தடுமாற, அவள் என் கையை உதறிக்கொண்டு பழக்கத்தில் பொட்டுக்கு ஓடிவிட்டாள். பின்னால் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கயிறு அறுகிற சத்தம். கிடுகு சரிந்தது. கையில் கத்தியோடு அக்கா.

“பிள்ளையைத் தாங்கோ!”

நடுவில் என் தொட்டி. காலையில்தான் விளிம்புவரை தண்ணீர் ஊற்றியிருந்தேன். நான் இழுக்க, அவர் தள்ள, அது அசையவில்லை. மேலே பொம்மர் சுற்றத் தொடங்கிவிட்டது. பன்னத்துக்கு மேலால் மகளைத் தூக்கி நீட்டினேன். அக்கா அவளுடைய கக்கத்தைப் பிடித்து இழுத்தார். முழங்கால் தொட்டி விளிம்பில் உரசி அவள் வீரிட்டாள். எனக்கு நுழைய இடமில்லை. “ஓடுங்கோ அக்கா, ஓடுங்கோ” என்று கத்திவிட்டு, கொதிக்கிற சீமெந்தில் தகரங்களுக்கு நடுவே குப்புறப் படுத்தேன். குண்டு எங்கேயோ தள்ளி விழுந்தது. நிலம் நெஞ்சில் இடித்தது. சத்தம் அடங்கின பிறகு, பங்கருக்குள்ளிருந்து மகள் அம்மா, அம்மா என்று கூப்பிடுவது கேட்டது.

பின்னேரம் அக்காவின் புருசன் இரும்பு அலவாங்கு கொண்டுவந்து தொட்டியை உடைத்தார். மண்ணை அள்ளினோம். நான் மகளின் முழங்காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், பிழை என்ரைதான் என்றேன். அவர் சரிந்த கிடுகில் இருந்த அறுந்த கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். புருசன் அப்பால் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

“இவர் பொட்டை அடைச்ச நாளிலயிருந்து கத்தியை இந்த வேலியிலதான் செருகி வைச்சிருந்தனான், ரீச்சர். சத்தம் கேட்டா உடன அறுக்கலாமெண்டு.”

அதே வேலிக்கு இந்தப் பக்கம், அந்தத் தொட்டியைக் கிணற்றடியிலிருந்து இழுத்து வைக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டிருந்தது.