கேனிலிருந்து ஒரு கரண்டி

எங்கள் ஊர் பால் சொசைட்டிக்குப் போன வாரம் ட்யூப் லைட் வந்தது. நல்ல விஷயம்தானே? அதில்தான் வம்பு.

காணைக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. கறந்த பாலைச் சொசைட்டிக்கு எடுத்துப் போவோம். டெஸ்டர் சேகர் அதில் லாக்டோமீட்டரை மிதக்க விட்டுப் பார்ப்பான். தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் எல்லார் பாலும் ஒரே கேனில். லாரி வந்து விழுப்புரத்துக்கு ஏற்றிப் போகும். அங்கே சூடாக்கி, குளிர வைத்து, பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்களாம். என் செவலைப் பசுவின் பால் எந்த ஊரிலோ, எந்தக் குழந்தையின் டம்ளரிலோ... இதையே நினைத்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். முன்னால் இருப்பவர் நகர்ந்ததுகூடத் தெரியாது.

இப்போது லாரி கண்டாச்சிபுரம் பக்கம் சுற்றிவிட்டு வருகிறது. வருவதற்குள் இருட்டிவிடுகிறது. முன்னாலேயே ஊற்றி வைத்தால் பால் திரிந்துபோகும். அதனால் பொழுது போனபின் கொண்டுவாருங்கள் என்று லைட்டைப் போட்டார்கள்.

விளக்கு வைத்தபின் யாராவது பாலை வெளியே கொடுப்பார்களா? லட்சுமியை நாமே வழியனுப்புகிற மாதிரி இல்லையா?

முதல் நாள் அந்த லைட் இரண்டு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. சொம்பிலிருந்த பால் லேசான நீலமாகிவிட்டது — நிலாவைக் கரைத்து ஊற்றின மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன். வரிசைதான் நகரவில்லை.

கரண்ட் லைட்டுக்கு எண்ணெய் உண்டா, திரி உண்டா, அதெல்லாம் விளக்கில் சேர்த்தியில்லை என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு பாக்கியம் விடவில்லை.

"வூட்ல வெளக்கேத்திட்டுத்தானே வந்தீங்க? அது இன்னா கணக்கு?"

யாரும் சொம்பை நீட்டவில்லை. தூரத்தில் லாரியின் ஹாரன்.

"கேன் காலியா போச்சுன்னா நாளையிலேர்ந்து சாயங்கால லாரி இங்க வராதுக்கா," என்றான் சேகர். "நீங்களே ரோசனை பண்ணுங்க."

ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வரும் அஞ்சலை என் பின்னால்தான் நின்றாள். சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு சேகரையே பார்த்தாள். எங்களுக்காவது ஊருக்குள் நாலு வீடு வாங்கும். அவள் எருமைப் பாலை இந்தக் கேனை விட்டால் யார் வாங்குவார்கள்? அதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்க என்னால் என்றைக்கு முடிந்தது?

வழி சொன்னதும் பாக்கியம்தான்.

"லட்சுமி போய்ட்டுத் திரும்பி வந்துட்டா தோசமில்ல. எல்லாரும் ஊத்தறோம். அப்பால கேன்லேர்ந்து ஆளுக்கு ஒரு கரண்டி எங்க சொம்புல வுட்டுடு தம்பி."

அப்படியே நடந்தது. கேனும் லாரி ஏறியது.

வீட்டுக்கு வந்து என் பங்குப் பாலை விளக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் என் செவலை எது, அஞ்சலையின் எருமை எது? ஊரே ஒரு கரண்டிக்குள் படுத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தெருக் குழாயடியில் பாக்கியம் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"யக்கா... அந்தக் கேன்ல காலனிப் பாலும் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சே."

"நீ இன்னா பண்ண?"

"காப்பி போட்டுக் குடிச்சேன். நீ?"

நிரம்பி வழிந்த குடத்தைக் குழாயடியிலிருந்து நகர்த்தினாள்.

"சாமிக்கு வச்சிட்டு, புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

அன்று சாயங்காலம் வருவாளோ மாட்டாளோ என்று எனக்குப் பயம். இவள் நின்றால் தெருவே நின்றுவிடுமே. கொஞ்சம் தாமதமாக... வந்தாள். பாலை ஊற்றினாள். கரண்டிக்குச் சொம்பையும் நீட்டினாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

லாரி இப்போது தினமும் வருகிறது. லட்சுமியும் வருகிறாள் — காலனி வழியாகச் சுற்றிக்கொண்டு.