எந்த இழுப்பு முதுகுக்குப் போகிறது

பல் செட் செய்யும் கூடத்தில் அவளை எல்லாரும் மெழுகு அக்கா என்பார்கள். இருபத்தாறு வருஷமாக மெழுகில் பல் வரிசை செதுக்குகிறவள். குனிந்த தலை நிமிராத வேலை. ஐம்பத்தொரு வயதில் முதுகின் நடுவே ஒரு வலி வந்து உட்கார்ந்தது. அதைத் தேய்த்துவிடலாம் என்றால் மேலே இருந்தும் கை எட்டாது, கீழே இருந்தும் எட்டாது.

"நடு முதுகுல பலமே இல்ல. துடுப்புப் போடுற மாதிரி இழுக்கிற பயிற்சி பண்ணுங்க" என்றார் டாக்டர். அவள் ஜென்மத்தில் படகில் ஏறினதில்லை.

ஜிம்மில் பயிற்சியாளர் மூன்று விதமாக இழுத்துக் காட்டினான். குனிந்து நின்று கம்பியைத் தூக்குவது ஒன்று. உட்கார்ந்து மெஷின் கயிற்றை வயிற்றுக்கு இழுப்பது இன்னொன்று. மூன்றாவதில், சாய்வுப் பலகையில் நெஞ்சைப் பதித்துக் கவிழ்ந்து, இரண்டு கையிலும் டம்பெல்லைத் தூக்க வேண்டும்.

"இதுல எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதான்க்கா. ஆனா குனிஞ்சு தூக்குறதுதான் ராஜா."

அவளுக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை. பல் செட் சரியாகப் பொருந்திவிட்டது என்று யார் சொன்னாலும் அவள் நம்புகிறவள் இல்லை. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் மை பூசிய நீலத் தாளை வைத்துக் கடிக்க வைப்பாள். மை எந்தப் பல்லில் ஒட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

மறுநாள் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலை நாத்தனாருக்கு. கையில் தொட்டே உறையின் கனத்தைச் சொல்லிவிடுவாள்.

"என் முதுகு நடுவுல உள்ளங்கைய வை. எங்க அசையுதுன்னு மட்டும் சொல்லு."

முதலில் மெழுகு அக்கா குனிந்து கம்பியைத் தூக்கினாள். "இங்க ஒண்ணும் பெருசா இல்ல அண்ணி. இடுப்புதான் நடுங்குது."

அடுத்து கயிறு. இருபத்தைந்து கிலோ. பல்லைக் கடித்து இழுத்தாள். இதுதான் என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது, அவ்வளவு வலித்தது.

"முதுகு சும்மா இருக்கு. தோள்தான் காதுகிட்ட போகுது."

எடையைப் பத்தாகக் குறைத்தாள். இப்போது நாத்தனார் கையடியில் ஏதோ மெல்ல நகர்ந்தது. கடைசியில் பலகையில் கவிழ்ந்து, நான்கு கிலோ டம்பெல்லோடு முழங்கையைக் கொஞ்சம் அகட்டித் தூக்கினாள்.

"ஆ... இப்ப ரெண்டு தோள்பட்டை எலும்பும் கிட்ட வந்து என் விரலைப் பிடிக்குது. இன்னொரு தடவை பண்ணுங்க."

பக்கத்தில் நின்ற பயிற்சியாளனுக்கும் ஆசை வந்துவிட்டது. "என் முதுகையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று அறுபது கிலோ கம்பியைக் குனிந்து தூக்கினான். நாத்தனார் கையை வைத்தாள். இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க இடுப்பை ஆட்டித் தூக்குறீங்க. முதுகு தூங்குது."

அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றான். பிறகு இரண்டு பக்கமும் எடைத் தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

நாத்தனாரும் இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பலகை ஒத்துவரவில்லை. நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டியது. அவள் கயிற்றை எடுத்துக்கொண்டாள். மெழுகு அக்கா பலகையோடு நின்றுவிட்டாள். வாரம் மூன்று நாள் என்று இரண்டு மாதம் ஓடியது. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் முன்பெல்லாம் மதியமே வந்துவிடுவது, இப்போது வேலை முடிகிற நேரத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. மேஜையையும் ஒரு சாண் உயர்த்திக்கொண்டாள்.

ஒரு நாள் நாத்தனார் முதுகில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தாள். "அண்ணி, வலது பக்க எலும்பு இடதைவிட லேட்டா வருது."

"செதுக்குற கை அதுதானே. அதனால இருக்குமோ?"

"தெரியல. ஒத்தைக் கையால இழுத்துப் பாருங்களேன்."

அவள் பலகையிலிருந்து எழுந்து, ஒரே ஒரு டம்பெல்லை மட்டும் வலது கையில் எடுத்தாள்.