ஒரே வீட்டில் இரண்டு கஜிதானி

ஐம்பத்து மூன்று வயதில் ஷிஸுயோ இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது ஹமாதா துறைமுகத்தில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. மாப்பிள்ளை கஜிதானி தெப்பேய், சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு விற்கும் அவளுடைய கடைக்குப் பல வருஷமாக மீன் போட்டு வந்தவர். "இப்பவாவது பண்ணிக்கிட்டாங்களே" என்றுதான் ஊர் சொன்னது.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்கியது. அத்தனை வருஷமும் கடைப் பின்வாசலில் நின்று அவள் அவரை "மீன்கடை ஸான்" என்பாள். அவர் அவளை "சோத்துக்கடை ஸான்" என்பார். பேருக்குப் பின்னால் ஒட்டும் அந்த ஸானில் மரியாதைக்கு மரியாதை, தொழிலைச் சொல்வதில் நெருக்கத்துக்கு நெருக்கம். மிஞ்சிப் போனால் "கஜிதானி ஸான்". இப்போது நகராட்சிப் பதிவில் அவளுடைய குடும்பப் பெயரும் கஜிதானி ஆகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தனக்குத் தானே மரியாதை போட்டுக்கொண்டது போல் நாக்கு கூசியது.

"மீன்கடை ஸான், சூப் ஆறுது."

"இதோ வந்துட்டேன், சோத்துக்கடை ஸான்."

பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஹிஸானோ இதைக் கேட்டுவிட்டாள். ஷிஸுயோவை இன்னும் 'ஷீச்சான்' என்றே செல்லமாகக் கூப்பிடும் பள்ளிக்கூடத் தோழி, அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அடி ஷீச்சான், விளக்கை அணைச்ச பொறவும் மீன்கடை ஸான்தானா? கிலோ என்ன விலைன்னு கேப்பியோ?"

"வாயைக் கழுவுடி!"

"ஊர்ல எல்லாரும் மாதிரி 'என்னங்க'ன்னு கூப்பிட்டுப் பாரேன்."

சாப்பாட்டு வேளையில் ஷிஸுயோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "என்னங்க..." என்றாள். தெப்பேய் திரும்பி வாசலைப் பார்த்தார். "யாராவது வந்திருக்காங்களா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பள்ளித் தோழர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அவர் "ஃபுகு", அதாவது பேத்தை மீன். கோபம் வந்தால் கன்னம் இரண்டும் அந்த மீன் மாதிரி உப்பிவிடும் என்று வகுப்பே வைத்த பெயர். "டேய் ஃபுகு, ஊத்துடா!" என்று ஒருவர் கிண்ணத்தை நீட்ட, தெப்பேய் முகத்தில் இருந்த வயசெல்லாம் உதிர்ந்துபோனது. ஷிஸுயோவுக்கு வழி கிடைத்துவிட்டது போல இருந்தது. வறுத்த கணவாயைக் கொண்டுவந்து வைத்து, குனிந்து, பதமாகக் கேட்டாள்.

"ஃபுகு ஸான், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

மேஜை அதிர்ந்தது. "பேத்தை மீனுக்குப் பட்டு கட்டி விட்டுட்டீங்களே அண்ணி!" என்று ஒருவர் கண்ணீர் வரச் சிரித்தார். தெப்பேயும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள்.

எல்லோரும் போனபின் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பேரு அவனுங்களோடது. அதைக் கேட்டா நான் சின்னப் பையனாயிடறேன். உங்க முன்னாடி அப்படி நிக்க வெக்கமா இருக்கு."

"மன்னிச்சுக்கோங்க. அப்ப நான் என்னன்னுதான் கூப்பிடறது?"

அவர் துடைத்த கிண்ணத்தையே மறுபடியும் துடைத்தார்.

அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அதன்பிறகு இருவரும் ஒருவரையொருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினார்கள். "இந்தாங்க", "பாருங்க", ஒரு இருமல், கதவில் ஒரு தட்டு. கோபமில்லை. பேர்தான் இல்லை.

குளிர் தொடங்கும் நேரத்தில் இருவரும் வருடாந்தர உடல் பரிசோதனைக்குப் போனார்கள். கூடம் நிறைய துறைமுகத்து ஜனம். நர்ஸ் வந்து, ஸானைவிட ஒரு படி மேலான மரியாதையோடு, "கஜிதானி ஸாமா!" என்று அழைத்தாள். ஷிஸுயோவுக்கு அது தன் பெயர் என்றே உறைக்கவில்லை. தெப்பேய் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மிடுக்காக உள்ளே போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். அது பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை அறை. பின்னாலேயே நர்ஸும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கூடம் கொல்லென்று சிரித்தது. பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தெப்பேய், மீன் ஏலத்தில் கூவும் அதே குரலில் கத்தினார்.

"ஷிஸுயோ ஸான்! உங்களைத்தான் கூப்பிடறாங்க!"

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் எழுந்தாள். அவர் வாயிலிருந்து தன் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. தொண்டையில் ஏதோ இனித்தது.

"வரேன், தெப்பேய் ஸான்" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி.

பரிசோதனை முடிந்து எதிரே இருந்த நூடுல்ஸ் கடைக்குப் போனார்கள். சூடான உதோன் நூடுல்ஸை ஊதிக்கொண்டே அவர் மெல்லக் கேட்டார். "இனிமே அந்த ஸானையும் எடுத்துடலாமா?"

"அவசரம் என்ன? கொஞ்ச நாள் மரியாதையோட இருப்போம்."

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். சற்று நேரம் கழித்து, கிண்ணத்தைப் பார்த்தபடியே, "ஷிஸுயோ ஸான்" என்றார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை. சும்மா சொல்லிப் பாத்தேன்."

அவள் தன் கிண்ணத்திலிருந்த இறாலை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள்.